காயமா? நோயா?

பூசை முடிந்து பிரசாதம் பெறுகிற வேளையில் வைத்தியரிடம் ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிட்டுப் போவது நம்மவரின் வழக்கம். முன்பெல்லாம் இரத்த அழுத்தம், சீனி வருத்தம், முழங்கால் வலி என்பவையே கேள்விகளாக வரும். அண்மைக் காலமாக அந்த வரிசையில் மீனும் சேர்ந்துகொண்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலேயைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டு மூன்று அறைகளுக்குள் குடும்பம் நடத்தும் நமக்கு நாய் வளர்க்க இடம் போதாது. பூனைக்கு வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. பிள்ளைகளின் ஆசைக்கு மிஞ்சுவது ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு மீன்களுமே.

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரியானது. "டொக்டர், நேற்றுத்தான் வாங்கி வந்தோம். உடம்பில் ஏதோ வெள்ளையாக இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?" நான் மனிதருக்கு வைத்தியம் படித்தவன், மீன்களுக்குப் படித்தவனல்லன். ஆயினும் என் வீட்டிலும் பல ஆண்டுகளாகத் தொட்டி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: அது காயமா, நோயா? நம் மொழியில் காயம் என்றால் புண்; காயம் என்றால் உடம்பும்கூட. உடம்பென்று ஒன்று இருந்தால் புண்ணும் வரும் என்பதை உணர்ந்தே நம் முன்னோர் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தார்களோ என்று நான் நினைப்பதுண்டு. எப்படியாயினும், இந்த இரண்டையும் பிரித்தறியாமல் மருந்துப் போத்தலைத் திறப்பது ஆபத்தானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த மீன் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நன்னீர் வளர்ப்பு மீன்களில் பெரும்பகுதி சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, நம் இலங்கை, செக் நாடு போன்ற இடங்களின் பண்ணைகளில் பிறப்பவை. சென்னையில் கொளத்தூர் என்ற ஒரு பகுதியே மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்றது. பண்ணைக் குளத்தில் ஒருமுறை வலை. இனம் பிரிக்கும்போது ஒருமுறை. பிராணவாயு அடைத்த பொலித்தீன் பையில் இடும்போது ஒருமுறை. பிறகு விமானம். இறங்கிய நாட்டில் மொத்த வியாபாரியின் தொட்டி, மறுபடி வலை, மறுபடி பை. கடைசியாகக் கடைக்காரர் நம் பிள்ளை விரலால் காட்டிய மீனை மூலைக்கு மூலை துரத்திப் பிடித்துத் தருகிறார்; நாம் அதைப் பஸ்ஸில் கொண்டுவருகிறோம். இத்தனை வலைகளையும் கடந்த மீனின் உடம்பில் ஒரு கீறல் இருந்தால் அதிசயமில்லை, இல்லாவிட்டால்தான் அதிசயம்.

இதில் நம் ஊரவர் ஒருவரும் உண்டு. செர்ரி பார்ப் என்று இங்குள்ள கடைகளில் விற்கப்படும் சிறிய சிவந்த மீன், இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளுக்கே உரியது. 1929 ஆம் ஆண்டில் தெரணியகல என்ற விலங்கியல் அறிஞர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இன்று கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவையே. என்றாலும் பலெர்மோவில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் அதைக் காணும்போது, "நீ எப்ப வந்தனி?" என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து மீனின் தோல். நம் தோலின் வெளிப்படலம் இறந்த உயிரணுக்களால் ஆன ஒரு கவசம். மீனுக்கு அந்தக் கவசம் இல்லை. அதன் தோலின் கடைசி வெளி அடுக்கும் உயிருள்ளது. அதற்கு மேலே வழுவழுப்பான சளிப்படலம் மாத்திரமே காவல். செதில் என்பது மேலே ஒட்டிய ஓடு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தோலுக்குள் வேரூன்றியிருக்கிறது. அதை மூடி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. ஆகவே ஒரு செதில் உதிர்ந்தால் அங்கே தோல் கிழிந்தது என்றே பொருள். நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். தோல் கிழிந்த இடத்தால் தண்ணீர் உள்ளே நுழையும், உப்பு வெளியேறும். சிறு புண்ணும் மீனுக்குப் பெரிய உழைப்பைக் கொடுப்பது இதனாலேயே. ஆனால் கடவுள் அதற்கு ஒரு வரமும் கொடுத்திருக்கிறார். புண்ணின் ஓரத்திலுள்ள உயிரணுக்கள் நகர்ந்து வந்து சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் அந்த இடத்தை மூடிவிடுகின்றன. செதில் சில வாரங்களில் மீண்டும் முளைக்கும். அடிப்பகுதி கெடாதிருந்தால் செட்டையும் வளரும்.

இனிக் காயத்தின் அடையாளங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் மணி நேரத்திலேயே அது இருக்கும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்று தோன்றாது. பெரும்பாலும் ஒரு பக்கத்தில், ஒரே இடத்தில் இருக்கும். மூக்கு நுனி, கண், விலா, வால் என்று வலையிலும் கண்ணாடியிலும் முட்டும் இடங்களே காயப்படும். ஓரம் தெளிவாக இருக்கும். செட்டை கிழிந்திருந்தால் இரண்டு முட்களுக்கு நடுவே துணி கிழிந்தது போல நேராகக் கிழிந்திருக்கும். வேறொரு மீன் கடித்திருந்தால் பிறை வடிவில் துண்டு குறைந்திருக்கும். கூட வந்த மற்ற மீன்கள் நலமாக இருக்கும். முதல் நாள் மீன் நிறம் வெளிறி, மூலையில் ஒதுங்கி, உணவைத் தொடாமல் இருக்கலாம். அது பயணக் களைப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் தேறி உண்ணத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காயம் நாளுக்கு நாள் குறையும்.

நோய் இதற்கு எதிர்மாறாக நடக்கும். இரண்டு பக்கத்திலும் தோன்றும். பல இடங்களில் தோன்றும். ஒன்றிலிருந்து இன்னொரு மீனுக்குப் போகும். ஓரம் மங்கிப் பால்போல வெளுத்தோ சிவந்தோ இருக்கும். நாளுக்கு நாள் பரவும். செட்டைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு மீன் சோர்ந்து நிற்கும். கல்லிலும் செடியிலும் உடம்பைத் தேய்க்கும். மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். கண் பிதுங்கியிருந்தால் எத்தனை கண் என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் எங்கோ இடிபட்டது. இரண்டும் பிதுங்கினால் உள்நோயையோ கெட்ட தண்ணீரையோ சந்தேகிக்க வேண்டும். வயிறு ஊதிச் செதில்கள் எல்லாம் குத்திட்டு நின்றால் அது காயமே இல்லை. சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி.

புதிய மீன்களில் அடிக்கடி காணும் இரண்டு நோய்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட வேண்டும். ஒன்று வெண்புள்ளி நோய். ரவையைத் தூவியது போல ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட வெள்ளைப் புள்ளிகள் உடலிலும் செட்டையிலும் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கடியில் குடியிருக்கும் ஓரணு ஒட்டுண்ணி. அது கொழுத்ததும் மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் உறைகட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். 25 பாகை வெப்பத்தில் இந்தச் சுற்று சில நாட்களில் முடியும். குளிர்ந்த தண்ணீரில் பல வாரங்கள் எடுக்கும். மருந்து வேலை செய்வது அது நீந்தித் திரியும் சிறிது காலத்தில் மாத்திரமே. எனவே புள்ளிகள் மறைந்ததும் "சுகமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துவது தவறு. அவை பெருகுவதற்காகவே இறங்கியிருக்கின்றன. காயம் குறையும் என்று மேலே சொன்ன விதிக்கு ஏமாற்றும் விலக்கு இது ஒன்றே.

மற்றது கொலும்னாரிஸ் என்ற பக்டீரியா நோய். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலவும், முதுகில் குதிரைச் சேணம் வைத்தது போலவும் சாம்பல் வெள்ளையாகப் படரும். இங்கேதான் பிரித்தறிவதன் அருமை தெரியும். வெண்புள்ளி நோய்க்குத் தண்ணீரின் வெப்பத்தைச் சிறிது உயர்த்துவது ஒட்டுண்ணியின் சுற்றை விரைவுபடுத்தி மருந்துக்கு உதவி செய்யும். கொலும்னாரிசுக்கு அதையே செய்தால் கிருமி இன்னும் வேகமாகப் பெருகி ஓரிரு நாட்களில் தொட்டியையே வெறுமையாக்கிவிடும். இரண்டும் வெள்ளைதான், ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கு எமன்.

நலமான மீனையும் நோயாளியாக்கும் சில தோற்றங்கள் உண்டு. புண் ஆறும்போது அதன்மேல் மெல்லிய வெண்படலம் படியும். அதைப் பூஞ்சணம் என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். கிழிந்த செட்டை வளரும்போது புதிய ஓரம் நிறமில்லாமல் கண்ணாடி போலிருக்கும். அதை அழுகல் என்கிறார்கள். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்செட்டையின் விளிம்பிலும் வரிசையாக வெள்ளை முளைகள் தோன்றும்; அதை வெண்புள்ளி நோய் என்கிறார்கள். பாவம், மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவனுக்கு மருந்து ஊற்றுகிறோம்!

காயமும் நோயும் வேறு வேறு என்றேன். ஆனால் காயம் நோய்க்கு வாசலாகலாம் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீரில் எப்போதும் இருக்கும் பூஞ்சணமும் பக்டீரியாவும் நலமான தோலில் ஏறுவதில்லை, புண்ணில் ஏறும். இதற்கு ஒரு கொடிய உதாரணம் நம் பக்கத்து மீனிலேயே உண்டு. இந்தியாவிலும் அதன் அயல் நாடுகளிலும் வாழும் கண்ணாடி மீன் உடலுக்குள்ளே எலும்பு தெரியும் அளவுக்குத் தெளிவானது. அந்த அழகு போதாதென்று அதன் உடலில் ஊசியால் நிறச் சாயம் ஏற்றிக் கடைகளுக்கு அனுப்பினார்கள். 1990களில் பிரித்தானியாவில் அத்தகைய மீன்களைப் பரிசோதித்தவர்கள், சாயம் ஏற்றாதவற்றைவிட அவற்றில் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். இயற்கையில் இல்லாத நிறங்கள் பளபளக்கும் கண்ணாடி மீனைக் கடையில் கண்டால் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் ஊசி போடுபவரும் இருக்கமாட்டார்.

காயமுமில்லாத, தொற்றுமில்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு: தண்ணீர் சுடுவது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினும், புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து சேரும் அமோனியாவும் செவுளையும் தோலையும் எரித்துவிடும். செட்டைகளில் சிவப்புக் கோடுகள் ஓடும். எல்லா மீன்களும் ஒரே வேளையில் தவிக்கும். பலெர்மோவில் பல வீடுகளுக்குத் தண்ணீர் கூரைமேல் தொட்டியில் தங்கியே வருகிறது. 2024 ஆம் ஆண்டு வறட்சியில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட காலத்தை நாம் மறக்கவில்லை. தண்ணீர் இல்லையென்று தொட்டியை மாற்றாமல் வைத்திருந்துவிட்டு, வந்த அன்றே முழுவதையும் மாற்றுவது மீனுக்கு இரட்டைத் தண்டனை. அமோனியாவை அளக்கும் சிறிய பரிசோதனைப் பெட்டி கடைகளில் கிடைக்கும். மருந்துக்குக் கொடுக்கும் காசை முதலில் அதற்குக் கொடுங்கள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? புதிய மீனை நேரே பழைய மீன்களோடு விடாமல், வேறொரு சிறிய தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். இந்த நகரத்துக்கு இது பழைய பாடம். தனிமைப்படுத்தலைக் குறிக்கும் சொல்லே நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. 1575 ஆம் ஆண்டு பலெர்மோவில் கொள்ளைநோய் பரவியபோது ஜோவன்னி பிலிப்போ இங்க்ராசியா என்ற வைத்தியர் நோயாளிகளை ஓரிடத்திலும், சந்தேகத்துக்குரியவர்களை வேறோரிடத்திலுமாகப் பிரித்து வைத்தார். அந்த அனுபவத்தை 1576 இல் நூலாகவும் எழுதினார். சந்தேகத்துக்குரியவனை நோயாளியோடு சேர்த்துப் பூட்டாதே என்பதே அதன் சாரம். நம்மவர் மலையேறி வணங்கும் சாந்தா ரொசாலியா இந்நகரின் காவல் தெய்வமானதும் 1624 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போதுதான்.

முதல் நாளே பிள்ளையை ஒரு கொப்பியில் மீனின் படம் வரையச் சொல்லி, எங்கே என்ன இருக்கிறது என்று குறிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்து, புதிய படம் வரையட்டும். மூன்று படங்களை அடுக்கி வைத்தால் காயமா நோயா என்பதைப் பெரும்பாலும் பிள்ளையே சொல்லிவிடும். வெளிச்சத்தைக் குறைத்து, சுத்தமான தண்ணீரும் காற்றும் கொடுங்கள். காயத்துக்கு வேறெதுவும் கலக்காத உப்பு நல்லது. பக்கத்திலேயே திராப்பானி உப்பளங்கள் இருக்கும்போது நமக்கு என்ன குறை? ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மட்டமாக அளந்து, கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். உப்பைத் தாங்காத செடிகளும் சில கெளுத்தி இனங்களும் இருப்பதால் பிரதான தொட்டியில் இடவேண்டாம். பதறாத காரியம் சிதறாது.

முதல் நாளே மருந்து வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், பல மருந்துகள் வடிகட்டியில் வாழ்ந்து அமோனியாவை அழிக்கும் நல்ல பக்டீரியாக்களையும் கொன்றுவிடும் என்பது. இல்லாத நோய்க்கு மருந்திட்டு, இருக்கும் மீனை நஞ்சில் விடுகிறோம். வீட்டில் மிஞ்சிய மனித அன்டிபயோட்டிக் மாத்திரையை உடைத்துப் போடுவதாகவும் சிலர் சொல்லக் கேட்டேன். தயவுசெய்து வேண்டாம். 2022 ஜனவரி 28 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி மிருகங்களுக்கான அன்டிபயோட்டிக் மருந்துக்கும் மிருக வைத்தியரின் சீட்டு வேண்டும். அரைகுறையாகப் போட்ட மருந்தில் தப்பிப் பிழைக்கும் கிருமி நம் வீட்டுக்குள்ளேயே வளரும்.

இனிச் சொல்லப் போவதற்காகவே இக்கட்டுரையை எழுத உடன்பட்டேன். இதே கேள்வியை நம் கைகளிடமும் கேட்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவினமான மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற ஒன்று மீன்களில் வாழ்கிறது. 1926 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் காட்சித் தொட்டி மீன்களில் அதை முதலில் இனங்கண்டார்கள். மெலிந்து, வளைந்து, ஆறாத புண்ணோடு நாட்கணக்கில் வாடும் மீனில் இது இருக்கக்கூடும். கையில் வெடிப்போ கீறலோ உள்ளவர் அந்தத் தொட்டியைக் கழுவினால் கிருமி உள்ளே நுழையும். சில வாரங்கள் கழித்து விரலில் வலியில்லாத ஒரு சிவந்த கட்டி. பிறகு கைமேல் வரிசையாக ஏறும் கட்டிகள்.

நம் சகோதரிகளிலும் சகோதரர்களிலும் பலர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைப்பவர்கள். குளோரினிலும் சவர்க்காரத்திலும் ஊறி வெடித்த கைகள் அவர்களுடையவை. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி விரலில் கட்டியோடு பல மாதங்கள் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். வேலைக் கையில் புண் வருவது புதிதா என்று அவரும் நினைத்தார், பார்த்தவர்களும் நினைத்தார்கள். வீட்டில் மீன் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்ல நினைக்கவில்லை. கேட்ட பிறகே விளங்கியது. மாதக்கணக்கில் மருந்து எடுத்துச் சுகமானார். இந்தக் கிருமி 30 பாகை வெப்பத்தில்தான் நன்றாக வளரும். ஆய்வுகூடத்தில் வழமையான 37 பாகையில் வைத்தால் தெரியாமல் போகலாம். ஆகவே மூன்று வாரத்தில் ஆறாத கைப்புண்ணை இனிக் காயம் என்று சொல்லாதீர்கள். வைத்தியரிடம் போய், "நான் மீன் வளர்க்கிறேன்" என்ற ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். தொட்டியைக் கழுவும்போது நீண்ட கையுறை அணியுங்கள். புண்ணுள்ள கையைத் தண்ணீரில் விடாதீர்கள்.

காயத்தை நோயென்று எண்ணுவதும், நோயைக் காயமென்று அலட்சியம் செய்வதும் மீனுக்கு மாத்திரம் நேர்வதல்ல. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் பல எல்லைகளைக் கடந்து இந்நகருக்கு வந்து சேர்ந்த நம்மவரில் எத்தனை பேர் உடம்பில் தழும்போடு வந்தார்கள்! முதல் மாதங்களில் வெளிறி, ஒதுங்கி, பேசாமல், சாப்பிடாமல் இருந்தவர்களைச் சிலர் நோயாளிகள் என்றே ஒதுக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம் குறைந்த ஒரு மூலையும், தொந்தரவில்லாத சில நாட்களும், அன்றாடம் வந்து பார்க்கும் ஒரு முகமுமே. அதே வேளையில், உள்ளே நோய் வளர்ந்தவர்களை "பயணக் களைப்பு, போய்விடும்" என்று நாமே விட்டதுமுண்டு. புதிதாக வந்தவரைப் பார்ப்பது எப்படி என்பதை நாம் அறிந்திருக்க வேண்டியவர்கள்.

நம் சமயம் இதை மீனை வைத்தே சொல்லியிருக்கிறது. தாய்ப் பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும், மீன் பார்த்தே பொரிக்கும் என்று பெரியோர் தீட்சையின் வகைகளுக்கு உவமை கூறினார்கள். மீனாட்சி என்ற திருநாமத்துக்கும் அவ்வாறே பொருள் சொல்வதுண்டு. விலங்கியல் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் விடாமல் பார்க்கும் பார்வையே காப்பாற்றும் என்பதை நோயாளியின் கட்டிலருகே நின்ற எந்த வைத்தியரும் ஒப்புக்கொள்வார்.

சதபத பிராமணத்தில் மனுவின் கைநீரில் ஒரு சின்ன மீன் வந்து, என்னைக் காப்பாற்று என்று கேட்கிறது. மனு அதைக் குடத்தில் வைத்தார். வளர்ந்ததும் குழியில் விட்டார். அதுவும் போதாமல் போனதும் கடலில் சேர்த்தார். வாங்கி வந்த உயிருக்கு எந்த அளவில் எந்த இடம் வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் காப்பாற்றுவது. மீன் நோயுற்றது, அல்லது பெருத்துவிட்டது என்று வில்லா ஜூலியாவின் நீர்த்தொட்டியிலோ ஒரேத்தோ ஆற்றிலோ கொண்டுபோய் விடுவது அந்தத் தருமமன்று. நோயையும் அந்நிய இனத்தையும் அங்கே பரப்புவதாகும். வளர்க்க இயலாதவர்கள் கடைக்காரரிடமோ, தொட்டி வைத்திருக்கும் வேறோர் அன்பரிடமோ ஒப்படையுங்கள்.

அடுத்த முறை மீன் வாங்கும் அன்பர்கள் மருந்துப் போத்தலை வாங்குமுன் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். மூன்றாம் நாள் அந்தக் கொப்பியோடு கோயிலுக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.